பஞ்சில் ஒட்டுவது அரக்கா?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் பண்ணைக்காட்டு வீடுகளில் மர இழுப்பறைகள் இறுகிக்கொள்ளும். பங்குனியில் ஒற்றை விரலுக்கு வந்த இழுப்பறை, கார்த்திகையில் இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாலும் அசையாது. காப்பிக்கும் மலைவாழைக்கும் பேர்போன இந்தக் கீழ்ப்பழனி மலை ஊருக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அந்த மாதங்களில் மேகம் சன்னல் வழியே உள்ளே வரும். கொடியில் போட்ட துணி காயாது, உப்பு நீர்த்துவிடும், தீப்பெட்டி நமுத்துப்போகும். மரமும் அந்த ஈரத்தைக் குடிக்கிறது. பாட்டி காலத்து டிரெஸ்ஸிங் டேபிள் ஒன்றைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் பெயிண்ட் கடையின் வண்ண அட்டையிலிருந்து தொடங்குகிறார்கள். மரத்துக்கும் காற்றுக்கும் நடக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கலிலிருந்து தொடங்கினால் பாதிப் பிழைகள் நேராது.

மரத்தின் செல்சுவர்கள் செல்லுலோஸாலும் அதன் உறவுப் பொருட்களாலும் ஆனவை. நீர் மூலக்கூறுகள் பற்றிக்கொள்ள அவற்றில் ஏராளமான இடமுண்டு. வெட்டி நூறு ஆண்டு ஆனாலும் இந்தக் குணம் மரத்தை விட்டுப் போவதில்லை. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக நீடித்தால், மரம் தன் உலர் எடையில் ஏறத்தாழ 9 சதவீதம் நீரை வைத்திருக்கும். 80 சதவீதமானால் 16, 90 சதவீதமானால் 20. நீர் ஏறும்போது பலகை அகலவாக்கில் விரியும், நீளவாக்கில் அநேகமாக மாறாது. தேக்கு மற்ற மரங்களைவிட அடக்கமானது. அதிலும் 20 செ.மீ. அகலப் பலகையில் ஈரம் 10 சதவீதத்திலிருந்து 16 சதவீதத்துக்கு ஏறினால், அறுத்த விதத்தைப் பொறுத்து ஒரு மில்லிமீட்டரிலிருந்து இரண்டரை மில்லிமீட்டர் வரை அகலும். இழுப்பறைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஆசாரி விட்ட இடுக்கு அவ்வளவுதான் இருக்கும்.

ஆகவே மழைக்காலத்தில் இறுகிய இழுப்பறைக்கு இழைப்புளி போடக்கூடாது. கார்த்திகையில் இழைத்ததற்குப் பங்குனியில் கண்ணில் படும் சந்து தெரியும். மாசி பிறக்கட்டும். அப்போதும் இறுகினால், உரசித் தேய்ந்து மினுங்கும் இடத்தை மட்டும் மெல்ல இழைத்து, ஓரத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டால் போதும்.

கொடைக்கானலில் 1845-இல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் முதல் வீடுகளைக் கட்டிக்கொண்டதிலிருந்தே ஐரோப்பிய பாணி மரச்சாமான்கள் மலையேறத் தொடங்கிவிட்டன. வண்டிப்பாதை வருமுன் எல்லாம் தலைச்சுமைதான். அதே அச்சில் நம் ஆசாரிகள் இங்கேயே செய்தவையும் உண்டு. மரம் நம்முடையது: தேக்கு, ஈட்டி, பலா, சந்தன வேம்பு. இன்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் வாங்கி மலைக்கு ஏற்றி வருகிறவர்களும் இருக்கிறார்கள். எங்கிருந்து வந்த மேசையாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மேலே பூசியிருப்பது என்ன?

அதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. மேசையின் பின்பக்கமோ அடிச்சட்டமோ, கண்ணில் படாத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் வைத்து அழுத்தினால் போதும். எடுக்கும்போது பஞ்சு இழுபட்டு, நூல் நூலாக மேசையோடு ஒட்டி, அடியில் தேன் நிறக் கறை தெரிந்தால் அது அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு மசியாமல் தின்னருக்கு இளகினால் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். இரண்டுக்கும் அசையாமல் இருந்தால் எண்ணெய் வார்னிஷோ எனாமலோ பாலியூரித்தேனோ பூசியிருக்கிறார்கள்.

பெயர்கள் பலவானாலும் பூச்சுகள் அடிப்படையில் இரண்டே வகை. ஒன்று, கரைப்பான் ஆவியாகிப் போவதால் மட்டும் காய்வது. அரக்கும் லாக்கரும் இந்த வகை. பூசும்போது இருந்த மூலக்கூறுகளே காய்ந்த பிறகும் இருக்கின்றன, கரைப்பான் மட்டும்தான் போய்விட்டது. மற்றது, காயும்போது வேதிவினை நடந்து மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி வலையாகிவிடுவது. எண்ணெய் வார்னிஷ், எனாமல், இரண்டு டப்பாக்களைக் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன், மெலமைன் எல்லாம் இதில் அடங்கும். இறுகிய வெல்லப்பாகைச் சுடுநீர் விட்டு மறுபடி பாகாக்கலாம். வெந்த இட்லியை மாவாக்க முடியாது. பழைய மரச்சாமானைத் தொடுகிற எவரும் இந்த வேற்றுமையை நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டும். கீறல் விழுந்த அரக்குப் பாலிஷின் மேல் புதிய அரக்கைப் பூசினால் அது பழையதைச் சற்றே கரைத்து அதோடு ஒன்றாகிவிடும், ஒட்டு தெரியாது. பாலியூரித்தேனில் கீறல் விழுந்தால் மொத்தப் பரப்பையும் தேய்த்து எடுப்பதைத் தவிர நல்ல வழியில்லை.

அரக்கைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். புரசு, இலந்தை, பூவம் போன்ற மரங்களின் இளங்கிளைகளில் மொய்த்துச் சாறு உறிஞ்சும் சின்னஞ்சிறு பூச்சி தன்மேல் போர்த்திக்கொள்ளும் பிசின் அது. ஒரு கிலோ அரக்குக்குப் பல்லாயிரக்கணக்கான பூச்சிகளின் உழைப்பு வேண்டும். உலக அரக்கில் பெரும்பங்கு இந்தியாவுடையது, அதில் முன்னிற்பது ஜார்க்கண்ட். அங்கே ராஞ்சியை அடுத்த நாம்கும்மில் 1924-லேயே அரக்குக்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. பாண்டவர்களை எரிக்கத் துரியோதனன் அரக்கு மாளிகை கட்டியதை நாம் அறிவோம். தீயில் எளிதாக உருகிப் பற்றும் பிசின் என்பது அந்தக் கதையைச் சொன்னவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. கே. பி. சுந்தராம்பாளின் குரலைச் சுமந்து வந்த 78 சுற்று இசைத்தட்டுகளைப் பிணைத்து நிறுத்தியதும் இதே அரக்குதான். சுத்திகரித்து அவல் போலத் தட்டிய அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, துணிக்குள் பஞ்சைப் பொதிந்து, வட்ட வட்டமாகத் தேய்த்து மிக மெல்லிய படலங்களாக ஏற்றுவதைத்தான் பிரெஞ்ச் பாலிஷ் என்கிறோம். இன்று நம்மூரில் அதைப் பொறுமையாகச் செய்யத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருவது எனக்கு வருத்தம்.

கரைத்துவைத்த அரக்குக்கு ஆயுள் உண்டு. அரக்கின் அமிலங்கள் ஸ்பிரிட்டிலுள்ள ஆல்கஹாலோடு மெல்ல வினைபுரிந்து எஸ்டர்களாக மாறும். மாதக்கணக்கில் புட்டியில் கிடந்த கரைசலைப் பூசினால் அது இறுகாமல் பிசுபிசுத்தபடியே இருக்கும். வேண்டிய அளவு மட்டும் புதிதாகக் கரைத்துக்கொள்வதே நல்லது.

மலையில் இந்தப் பாலிஷுக்கு ஒரு பகை உண்டு. காலையில் பூசிய பரப்பு பளபளப்புக்குப் பதிலாகப் பால் தெளித்ததுபோல் வெளுத்துவிடும். சரக்கு மோசம் என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். குற்றவாளி காற்று. ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் அந்த இடம் குளிர்கிறது. 20 டிகிரி செல்சியஸ் உள்ள அறையில் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால், காற்றிலுள்ள நீராவி பனியாகப் படியும் வெப்பநிலை 9 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கும். பாலிஷ் அவ்வளவு குளிர்வதில்லை. ஈரப்பதம் 90 சதவீதமானால் அந்தப் பனிநிலை 18 டிகிரியைத் தாண்டிவிடும். அதாவது பரப்பு வெறும் இரண்டு டிகிரி குளிர்ந்தாலே போதும், ஈரப் படலத்தில் நுண்ணிய நீர்த்துளிகள் சிக்கிக்கொள்ளும். அவை ஒளியைச் சிதறடிப்பதுதான் நாம் காணும் வெண்மை. மேகம் இறங்கும் ஊர்களில் பிரெஞ்ச் பாலிஷ் வேலையை வெயில் ஏறிய பிறகு தொடங்கி, பிற்பகல் மூட்டத்துக்கு முன் முடித்துவிட வேண்டும். ஏற்கெனவே வெளுத்துவிட்டதா? உலர்ந்த நாள் ஒன்றில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் இலேசாக ஒற்றி எடுத்தால் படலம் இளகி, நீர் வெளியேறி, தெளிந்துவிடும். கரைகிற பூச்சு மட்டும் தரும் மறுவாய்ப்பு இது.

நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரும் இதே காரணத்தால் வெளுக்கும். இந்த லாக்கரின் உறவினர் ஒருவர் நீலகிரியில் இருக்கிறார். அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வெடிமருந்து செய்துவருகிறது. கார்டைட்டின் முக்கியச் சேர்மானமும் நைட்ரோசெல்லுலோஸ்தான், நைட்ரஜன் சற்றே கூடுதலாக ஏறிய வகை. லாக்கர் டப்பாவைத் திறந்துவைத்த அறையில் பீடியோ ஊதுபத்தியோ கூடாது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

பூசியிருப்பது அரக்கு என்று தெரிந்துவிட்டால் உப்புத்தாளைத் தூர வையுங்கள். நூறாண்டு மரத்தின் நிறம் அதன் உடம்பு முழுதும் இருப்பதில்லை. ஒளியும் ஆக்சிஜனும் பட்டு முதிர்ந்த மெல்லிய மேல்தோலில்தான் இருக்கிறது. பலாவில் இதைக் கண்ணாரக் காணலாம். புதிதாக இழைத்த பலாப்பலகை மஞ்சள் கிழங்கு நிறம். வீட்டில் சில ஆண்டு இருந்தால் தேன் நிறமாகி, பிறகு செம்பழுப்பாகிவிடும். 80-ஆம் எண் உப்புத்தாளை வேகமாக ஓட்டினால் ஐந்து நிமிடத்தில் பழைய மஞ்சள் திட்டுத்திட்டாக எட்டிப்பார்க்கும். அந்தத் திட்டைச் சாயத்தால் மறைப்பது பெரும்பாடு. ஸ்பிரிட்டும் மெல்லிய இரும்புக் கம்பளியும் கொண்டு பழைய அரக்கை மட்டும் கழற்றினால் அந்த முதிர்நிறம் அப்படியே தங்கும்.

டிரெஸ்ஸிங் டேபிளுக்கே உரிய அழுக்குகளும் உண்டு. தேங்காய் எண்ணெய் மற்ற எண்ணெய்களைப் போலல்ல. அதன் கொழுப்பமிலங்கள் பெரும்பாலும் நிறைவுற்றவை, காற்றோடு வினைபுரிந்து இறுகும் இரட்டைப் பிணைப்புகள் அவற்றில் மிகக் குறைவு. எனவே எத்தனை ஆண்டானாலும் அது காயாது, தூசியைப் பிடித்துக்கொண்டு கருத்துப்போகும். பளபளப்புக்காக மரத்தில் தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கத்தை விட்டுவிடலாம். டர்பென்டைன் தொட்ட துணியால் பலமுறை துடைத்து, ஒவ்வொரு முறையும் புதுத் துணியை எடுக்க வேண்டும். இந்தக்கால முடி சீரங்களில் பெரும்பாலும் சிலிக்கோன் இருக்கிறது. அதன் தடம் மேசையில் மிஞ்சினால் புதிய வார்னிஷ் அந்த இடத்தில் பரவாமல் குழிகுழியாக விலகி நிற்கும். மூலைகளில் மாவு போன்ற பொடி உதிர்ந்து, குண்டூசி முனையளவு துளைகள் தெரிந்தால் வண்டு அரித்திருக்கிறது. வெளிர்நிறமான வெளிமரத்தின் மாவுச்சத்தே அதற்கு உணவு. பூச்சுக்கு முன்னரே போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலை அந்த மரத்துக்கு ஊட்ட வேண்டும். பூச்சு ஏறிய பிறகு மருந்து உள்ளே போகாது.

இனி நிறத்துக்கு வரலாம். கடையில் ஸ்டெயின் என்று விற்பவற்றில் இரண்டு வேறு பொருட்கள் உண்டு. ஒன்று நிறமிப் பொடி. காவி, அம்பர், சியன்னா ஆகிய இரும்பு ஆக்சைடு மண்கள் இதில் சேரும். இவை கரையாத துகள்கள். மரத்தின் திறந்த நுண்குழாய்களில் போய்த் தங்கும், வழவழப்பான இடத்தில் தங்காது. தேக்கில் ஆண்டு வளையத்தின் தொடக்கத்தில் பெரிய குழாய்கள் வரிசைகட்டி நிற்பதால், நிறமி அங்கே அடைந்து ரேகைகளை எடுத்துக்காட்டும். மற்றது சாயம். இது மூலக்கூறாகவே கரைந்து செல்சுவருக்குள் ஊறும், ரேகையை மறைக்காமல் முழுப் பரப்பையும் நிறமாக்கும். ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர் சாய மூலக்கூறுகளை உடைக்கும். இரும்பு மண்ணுக்கு வெயிலால் ஒன்றும் ஆகாது. சன்னலோர மேசைக்கு நிறமிதான் என் தேர்வு.

பலகையின் வெட்டுமுனையில் குழாய்கள் வாய் திறந்து நிற்பதால் அது ஸ்டெயினை மடமடவென்று குடித்துக் கருத்துவிடும். அந்த முனையை மட்டும் ஒருபடி நயமான உப்புத்தாளால் தேய்த்து வாயை அடைத்தால் நிறம் சமமாகும். மற்றப் பரப்பை 180 அல்லது 220-ஆம் எண்ணோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மேலும் நயமாக்கினால் மரம் மெருகேறி, ஸ்டெயினை ஏற்காது.

மூன்றாவது வழி ஒன்று நம் துணிச் சாயக்காரர்களிடம் இருக்கிறது. கருப்பூர்க் கலம்காரியின் கருமை, துணியில் ஏற்றிய கடுக்காய்த் துவர்ப்பும் துருப்பிடித்த இரும்பை வெல்ல நீரில் புளிக்கவைத்த கரைசலும் சந்திப்பதால் பிறப்பது. துவர்ப்புச் சத்தான டானினும் இரும்பும் சேர்ந்தால் கருநீலக் கூட்டுப்பொருள் உண்டாகும். கடுக்காய் நீர் தடவிக் காயவைத்த பலகையில் இரும்புக் கரைசலைத் துணியால் ஒற்றினால், நம் கண்ணெதிரே சில நிமிடங்களில் சாம்பல் நிறமாகி, கருநீலமாகி, கருங்காலி போல நிற்கும். இதே வேதியியல்தான் ஈரமான மரத்தில் இரும்பு ஆணியைச் சுற்றிக் கறுப்பு வளையம் விழக் காரணம்.

பெயிண்ட் அடிக்கலாமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நட்டு, மிளகுக்கொடி ஏற்றிய சில்வர் ஓக், பைன், பிளைவுட் ஆகியவற்றுக்குத் தாராளமாக அடிக்கலாம். சில்வர் ஓக்கைத் தேய்க்கும்போது முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வது நல்லது, அதன் சாரம் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் தரும். ஈட்டி மரத்துக்குப் பெயிண்ட் அடிப்பதை மட்டும் நான் எதிர்ப்பேன். தமிழ்நாட்டில் அதைக் காக்க 1994-இல் தனிச் சட்டமே இயற்றினார்கள். 2017 முதல் அதன் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. நமக்குக் கிடைத்த கருஞ்சிவப்பு ரேகைகளை எனாமலுக்கு அடியில் புதைக்க எந்த நியாயமும் இல்லை.

ஈட்டிக்கும் தேக்குக்கும் இன்னொரு குணமுண்டு. பூஞ்சையையும் பூச்சியையும் விரட்ட அவை சேர்த்துவைத்திருக்கும் குயினோன்களும் பிற சாரங்களும் எண்ணெய் வார்னிஷின் வேதிவினையையும் தடுத்துவிடும். ஆளிவிதை எண்ணெய் காய்வது ஈரம் போவதால் அல்ல, காற்றின் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்வதால். காயக் காய எண்ணெயின் எடை கூடும். அந்த வினையை மரச்சாரம் இடையில் அறுத்துவிட்டால் வார்னிஷ் வாரக்கணக்கில் விரலில் ஒட்டும். வெளிர்நிறப் பெயிண்டிலோ வேறு தொல்லை: மரத்தின் பழுப்புச் சாரம் தண்ணீர்ப் பெயிண்டில் கரைந்து மேலேறி, வெள்ளையில் தேநீர் சிந்தியது போன்ற கறையாகும். எத்தனை கோட் அடித்தாலும் மறுபடி வரும். இரண்டுக்கும் ஒரே மருந்து, முதலில் மெழுகு நீக்கிய அரக்கு ஒரு கோட். இந்தச் சாரங்கள் அதைக் கடந்து வருவதில்லை.

பழைய பெயிண்டைச் சுரண்டும் முன் ஒரு எச்சரிக்கை. முந்தைய தலைமுறைப் பெயிண்டுகளில் வெள்ளை ஈயம், சிவப்பு ஈயம், ஈயக் குரோமேட் மஞ்சள் எல்லாம் சர்வசாதாரணம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-இல் வெளியாகி, 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே பழைய வண்ண மேசை எதையும் ஈயமுள்ளதாகவே கருத வேண்டும். உலர்ந்த நிலையில் தேய்க்காமல், வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்து, சேற்றைத் துணியில் துடைத்தெடுத்துக் கட்டிவிட வேண்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக்கூடாது. ஈயத் தூசி வளரும் மூளையைப் பாதிக்கும், அதற்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை.

மேசையின் மேல்பலகைக்கு அரக்கு போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சென்ட் புட்டியில் இருப்பது ஆல்கஹால். ஒரு சொட்டு வழிந்தாலே அரக்கு கரைந்து வளையம் விழும். சூடான டம்ளரும் சோப்பு நீரும் அதற்கு ஆகாது. மேல்பலகைக்கு மட்டும், அரக்கின் மேலேயே எண்ணெய் வார்னிஷ் இரண்டு கோட் கொடுங்கள். பக்கங்கள், கால்கள், இழுப்பறை முகப்பு, கண்ணாடிச் சட்டம் எல்லாம் அரக்கிலேயே இருக்கட்டும். மேல்பலகையின் அடிப்புறத்தையும் பூசாமல் விடாதீர்கள். ஒருபுறம் மட்டும் பூசினால் மறுபுறம் ஈரத்தை வேகமாக ஏற்று இறக்கி, பலகை வில்லாக வளையும். எந்தப் பூச்சும் நீராவியை முழுதாகத் தடுப்பதில்லை, வேகத்தைத்தான் குறைக்கும். இரண்டு புறமும் அந்த வேகம் ஒன்றாக இருந்தால் பலகை நேராக நிற்கும்.

எண்ணெய் வார்னிஷ் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. ஆக்சிஜன் சேரும் வினை வெப்பத்தை உமிழ்கிறது. சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், தீக்குச்சியே இல்லாமல் பற்றிக்கொள்ளும். விரித்துக் கொடியில் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்திவையுங்கள். வார்னிஷ் தொட்டால் ஒட்டாத நிலைக்கு மறுநாளே வந்துவிட்டாலும், உள்ளே வலை பின்னி முடிய மலைக்குளிரில் வாரங்கள் ஆகும். அதுவரை புட்டிகளை அதன்மேல் வைக்க வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் இழுப்பறையைக் கவிழ்த்து, அடிப்பலகையில் பென்சிலால் எழுதிவையுங்கள்: என்ன மரம், எந்த ஸ்டெயின், எங்கே அரக்கு, எங்கே வார்னிஷ், எந்த ஆண்டு, எந்த மாதம். பென்சில் கரி ஸ்பிரிட்டில் கரையாது, வெயிலில் வெளுக்காது. அடுத்த முறை இந்த மேசையைத் திறக்கும் ஆசாரிக்கு எங்கே ஸ்பிரிட், எங்கே உப்புத்தாள் என்பது முதல் நாளே தெரிந்துவிடும்.